விருந்தாக வந்த கட்டடம்: பெந்தோட்டைக் கடற்கரையும் செட்டிநாட்டு வளவும்

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். இல்லத்திற்குப் புதியவராய் வருபவரையும் அவர்க்கு இடப்படும் உணவையும் அச்சொல் குறித்தது பின்னர் விரிந்த பொருள்வளர்ச்சி எனலாம். தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளை எண்ணுமிடத்துத் ‘தொன்மை’யையும் ‘விருந்து’ என்பதையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பழங்கதையை எடுத்துப் பேசுவது முன்னது. புதிதாகத் தோன்றிய யாப்பினைப் பற்றி நிற்பது பின்னது. இரண்டும் வனப்பே என்பதும், ஒன்று மற்றொன்றுக்குப் பகை என்னும் எண்ணம் அவ்வாசிரியரிடம் இல்லை என்பதும் நோக்கத்தக்கன.

செய்யுளுக்குத் தொல்காப்பியர் கண்ட இத்தெளிவு, கட்டடக்கலையில் எளிதாக வாய்க்கவில்லை. பழமை சூழ்ந்த ஓரிடத்தில் புதிய கட்டடம் எவ்வாறு நிற்கவேண்டும் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டில் உலகின் பல மூலைகளிலும் எழுந்தது. செட்டிநாட்டில் அது இன்றும் விடை காணாத வினா. நூறாண்டு கண்ட வீடுகள் இங்கே பிரிக்கப்படுகின்றன. அவை நின்ற இடத்தில் எழும் கட்டடங்களோ காரைக்குடிக்கும் பொருந்துவன, கரூருக்கும் பொருந்துவன. எனவே எவ்வூருக்கும் பொருந்தாதன. இவ்வினாவிற்குத் தகுந்ததொரு விடை, நகரத்தார் பல தலைமுறையாக நன்கறிந்த இலங்கைத் தீவின் தென்மேற்குக் கரையில், 1967-க்கும் 1969-க்கும் இடையே கட்டப்பட்டது. ஜெஃப்ரி பவா வடிவமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியே அது. அதன் வரலாறு, புகழ்ந்து போற்றுதற்கு மட்டுமன்றி ஐயுற்று ஆராய்தற்கும் உரியது.

கடல் கடந்த உறவு

காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிநாடு புகுந்தவர்கள் என்று நகரத்தார் மரபு தம்மைப் பற்றிக் கூறும். கடற்கரையை விட்டு வந்தோர் வறண்ட செம்மண் பூமியில் ஊர் அமைத்தனர். ஆயினும் கடலை விட்டு விலகினாரல்லர். பர்மா, மலேயா, இந்தோசீனம் ஆகிய நாடுகளுக்கு முன்பாகவே அவர்கள் கால்பதித்த நாடு இலங்கை. 1796-இல் ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பின்னர் அரிசி, துணி வணிகத்திலும், தொடர்ந்து வட்டித் தொழிலிலும் அவர்கள் அங்கே வேரூன்றினர். கொழும்பின் செட்டியார் தெருவும், கதிரேசன் கோயில்களும், ஆடிவேல் விழாவும் அந்த வாழ்வின் எச்சங்கள்.

ஈட்டிய பொருள் ஊருக்கு வந்து வீடாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940-கள் வரை எழுந்த அவ்வீடுகளில் பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியக் கண்ணாடியும், ஆத்தங்குடிப் பூங்கற்களும் சேர்ந்திருந்தன. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கூட்டி இழைத்த சுவர், கை வைத்தால் வழுக்கும். இப்பொருட்பட்டியலைப் பலரும் சொல்வர். வீடு என்பது பொருட்பட்டியல் அன்று என்பதைச் சொல்வார் குறைவு. 1930-களின் பெருமந்தத்தில் கடன்பட்டோர் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1937-இல் 25 பங்காகப் பெருகியது. அதன்பின் போரும், பர்மாவின் நில நாட்டுடைமையும் வந்தன. வீடுகள் நின்றன, அவற்றை நிறுத்திய வருவாய் நின்றுபோயிற்று.

ஆற்றுமுகத்துத் தங்கல்

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், 60 கி.மீ. தொலைவிற்குச் சற்று அப்பால், பெந்தோட்டை ஆறு கடலொடு கலக்கிறது. கலக்குமுன் ஆறு சிறிது தொலைவு கடலுக்கு இணையாகவே ஓடுவதால், ஒருபுறம் அலையும் மறுபுறம் அமைதியான நீருமாக ஒரு குறுகிய மணல்நிலம் இடையே கிடக்கிறது. போர்த்துக்கீசியர் இவ்வாற்றுமுகத்தில் ஒரு சிறு கோட்டை கட்டினர். பின்னர் டச்சுக்காரர் இவ்விடத்தைத் தங்கலாகக் கொண்டனர். ஆங்கிலேயர் காலத்தில் காலிச் சாலையில் பயணம் செய்வோர் இளைப்பாறும் ஓய்வில்லம் இங்கே பெயர்பெற்று விளங்கிற்று. கோட்டை அழிந்த பின்னும் இடத்தின் தன்மை அழியவில்லை. வருவோர் தங்கிச் செல்லும் இடமாகவே அது நீடித்தது.

இதற்கெல்லாம் முற்பட்ட ஒரு வழக்கமும் அத்தீவில் உண்டு. வழிப்போக்கர் தங்குவதற்கெனச் சாலையோரங்களில் எழுப்பப்பட்ட மண்டபங்களைச் சிங்களத்தில் ‘அம்பலம’ என்பர். மரத்தூண்கள், உயர்ந்து சரிந்த ஓட்டுக்கூரை, சுவரில்லாத நாற்புறம், சுற்றிலும் அமர்வதற்கு ஒரு திண்டு: அவ்வளவே அதன் அமைப்பு. குருநாகல் பகுதியிலுள்ள பனாவிட்டிய அம்பலம் இவற்றுள் சிற்ப வேலைப்பாட்டால் சிறந்தது. இச்சொல் தமிழ் ‘அம்பலம்’ என்பதன் உறவு என்பதில் ஐயமில்லை. (சிவகங்கைச் சீமையில் இதே சொல் ஊர்த்தலைவரைக் குறிக்கும், பொதுவிடத்தைச் சுட்டிய சொல், பொதுவிடத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்பவரைச் சுட்டத் தொடங்கியது போலும்.) பெருஞ்செல்வர் இல்லத்தைக் குறிக்கும் ‘வலவ்வ’ என்னும் சிங்களச் சொல்லையும் தமிழ் ‘வளவு’ என்பதனோடு மொழிநூலார் இணைப்பர். செட்டிநாட்டில் வளவு என்பது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும் சேர்ந்த பகுதி. முற்றத்தை நடுவில் வைத்து வீட்டைச் சுற்றிக் கட்டும் வழக்கத்திற்கு இருமொழியிலும் ஒருவேரில் கிளைத்த சொற்கள் வழங்குவது, கடலைக் கடந்து சென்றது பணமும் சரக்கும் மட்டுமன்று என்பதைக் காட்டும்.

பவா வந்த வழி

1919-இல் கொழும்பில் பிறந்த ஜெஃப்ரி பவா, முதலில் கட்டடக் கலைஞர் அல்லர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்று, வழக்கறிஞராகி, அதனை விடுத்தவர். 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் இருந்த ஒரு பழைய இரப்பர்த் தோட்டத்தை வாங்கி, ‘உப்பாறு’ என்று பொருள்படும் ‘லுணுகங்க’ என்று அதற்குப் பெயரிட்டார். அதனைத் தாம் விரும்பியவாறு திருத்தியமைக்கத் தமக்குத் தொழிலறிவு போதவில்லை என்று கண்டு, இலண்டன் சென்று கட்டடக்கலை பயின்று, 1957-இல், தம் 38ஆம் வயதில் பட்டம் பெற்றார். ஒரு தோட்டத்தின் பொருட்டுத் தொழிலையே மாற்றிக்கொண்டவர் என்பது அவர் கட்டடங்களை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

அக்காலத்து நவீனத்துவம் தட்டையான கூரையையும் வெள்ளைச் சுவரையும் கண்ணாடியையும் போற்றிற்று. பவாவின் தொடக்ககாலக் கட்டடங்களும் அந்நெறியில் அமைந்தனவே. ஆனால் இருமுறை பருவமழை பெய்யும் நாட்டில் வெள்ளைச் சுவர் பாசி படர்ந்து கறுத்தது. தட்டைக் கூரை ஒழுகிற்று. இலங்கை அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த காலமும் அது. எஃகும் கண்ணாடியும் அரிதாயின. கல், செங்கல், ஓடு, மரம் ஆகிய உள்ளூர்ப் பொருள்களை நாடுவதன்றி வேறு வழியில்லை. நெளிவுக் கல்நார்த் தகட்டின் மேல் அரைவட்ட நாட்டோடுகளை அடுக்கும் முறையைப் பவாவும், அவரொடு பணியாற்றிய டென்மார்க்கு நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னரும் கையாண்டனர். தகடு மழையைத் தடுத்தது. ஓடு வெயிலைத் தாங்கிற்று. கொள்கையால் மட்டுமன்றி, ஈரத்தாலும் பஞ்சத்தாலும் பிறந்த கட்டடநெறி இது.

இந்நெறியைத் தொடங்கியவர் பவா என்று பலரும் எழுதுவது நேர்மையன்று. அவருக்கு முன்பே மினெட் டி சில்வா என்னும் பெண்மணி 1949–1951-இல் கண்டியில் கட்டிய கருணாரத்ன இல்லத்தில், புதிய கட்டுமான முறையோடு நாட்டுக் கைவினைஞரின் மண்வினையையும் நெசவையும் அரக்கு வேலையையும் இணைத்துக் காட்டினார். ‘நவீன வட்டாரவியல்’ என்று அதற்குப் பெயரும் சூட்டினார். 1948-இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். 1998-இல் அவர் மறைந்தபோது, அவர் பெயரைக் கட்டடக்கலை மாணவர்களுள்ளும் சிலரே அறிந்திருந்தனர். வழி காட்டியவரை மறந்து வழி நடந்தவரைப் பாடுவது இலக்கிய வரலாற்றிலும் காணப்படும் குறையே.

பெந்தோட்டை விடுதி

1966-இல் இலங்கைச் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டது. அயல்நாட்டுப் பணம் வேண்டியிருந்த அரசு, பெந்தோட்டையை முதல் கடற்கரைச் சுற்றுலாத் தலமாகத் தேர்ந்தது. தலத்தின் முதன்மை விடுதியை அமைக்கும் பொறுப்புப் பவாவுக்கு வந்தது. எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்னும் அவருடைய நிறுவனத்தில் பங்காளியாக இருந்த பொறியாளர் டாக்டர் கே. பூலோகசுந்தரம் ஒரு தமிழர். பவாவின் பெருங்கட்டடங்கள் பலவற்றை நிற்கச் செய்த கணக்கு இவருடையது. காண்போர் வியக்கும் கூரை, சுமைக்கணக்குத் தவறினால் சரிந்துவிடும். ஆயினும் வடிவமைத்தவர் பெயர் உலகெங்கும் ஒலிக்கப் பூலோகசுந்தரத்தின் பெயர் தமிழ்நூல்களிலும் அரிதாகவே காணப்படுகிறது.

விடுதிக்கு வந்து சேர்வோர் முதலிற் காண்பது அலங்கார வாயிலை அன்று. கரடுமுரடான கருங்கற் சுவரை. கோட்டை மதிலின் அடிப்பகுதி எஞ்சி நிற்பது போன்ற ஒரு பீடம் அது. அந்த ஆற்றுமுகத்தில் ஒருகாலத்தில் கோட்டை இருந்தது என்பதை அச்சுவர் எந்தக் கல்வெட்டும் இன்றி நினைவூட்டுகிறது. அதே வேளையில் போலிக் கொத்தளமும் பீரங்கித் துளையும் வைத்துக் கோட்டை வேடம் போடவில்லை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். இக்கட்டடத்தின் தகுதி முழுதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

மதிலினூடே படியேறினால் வரவேற்புக் கூடம். அதன் விதானம் முழுவதும் பாத்திக் துணிகளால் ஆனது. எனா டி சில்வாவின் கலைக்கூடம் அவற்றை உருவாக்கிற்று. கற்சுவரின் மங்கலிலிருந்து ஏறி வருபவர் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் நிறங்கள் விரிகின்றன. கோயிற் கருவறை நோக்கிச் செல்லச் செல்ல ஒளி குறையும். இங்கே ஏற ஏற ஒளி கூடுகிறது. அக்கூடத்தை அடுத்து வானம் திறந்த முற்றமும், அதில் ஒரு குளமும், குளத்தருகே ஈழத்தலரியும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரத்திற்குத் தமிழர் இட்ட பெயர் ஈழத்து அலரி என்பது. எங்கிருந்து தமக்கு வந்ததோ அந்நாட்டின் பெயரையே அதற்கு வைத்தனர். சிங்களப் பௌத்தர் அதன் பூவைக் கோயிலுக்கு எடுத்துச் செல்வர். வந்தேறிய மரம் ஈரிடத்தும் வீட்டு மரம் ஆயிற்று.

முற்றத்துக்கு மேலே இரண்டு தளங்களில் அறைகள். ஒருபுறத்து அறைகள் கடலையும், மறுபுறத்து அறைகள் ஆற்றையும் நோக்குவன. மரத்தாலான முகப்புகள் வெளியே நீண்டு தமக்குக் கீழே நிழல் செய்கின்றன. அகன்ற தாழ்வாரம் உடைய ஓட்டுக்கூரை அனைத்தையும் மூடுகிறது. லக்கி சேனநாயக்கவின் சிற்பங்களும் பார்பரா சன்சோனியின் கைத்தறித் துணிகளும் கட்டடம் முடிந்தபின் மாட்டிய அணிகள் அல்ல. வரைபடம் போடும்போதே அவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இவ்வகைப் பணிகளைப் பவா செய்தார் என்று ஒருமையில் கூறுவது மொழியின் சோம்பல் எனலாம்.

பழைய வலவ்வவையோ, டச்சுக்காரர் வீட்டையோ, அம்பலத்தையோ இக்கட்டடத்தில் விரல் வைத்துச் சுட்ட இயலாது. அவற்றின் பண்புகள் உண்டு, படிகள் இல்லை. ஒரு புலவன் முன்னோர் யாப்பைக் கற்றுத் தன் பாட்டைப் பாடுவதற்கும், முன்னோர் பாட்டின் அடிகளைப் பெயர்த்துத் தன் பாட்டில் ஒட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

காலதர்

பழந்தமிழில் சாளரத்திற்குக் ‘காலதர்’ என்றொரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. பார்வைக்கு அன்று, காற்றுக்கே அத்துளை என்பது பெயரிட்டோர் கருத்து. நிழலைக் கொண்டு திசையறிந்து நூலிட்டு மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகிறது. வீட்டைக் கட்டுமுன் வெயிலையும் காற்றையும் கேட்டறியும் மரபு அத்துணைப் பழமையானது.

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுக்களைக்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் நேர்க்கோட்டில் அமைந்து, பின்தெரு வரை கண் செல்லும். கண் செல்லும் வழியே காற்றும் செல்லும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, நிழலிலிருந்து குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்பும். மழைநீர் நாற்புறத் தாழ்வாரத்திலிருந்தும் முற்றத்தில் விழுந்து சேர்க்கப்படும். தரைமட்டத்திலிருந்து வீடு உயர்ந்து நிற்கும்; புகாரைக் கடல்கொண்ட நினைவே அவ்வுயரத்திற்குக் காரணம் என்று இங்குள்ளோர் சொல்வதுண்டு. பவா இவ்வளவைப் பார்த்துப் பெந்தோட்டையை வகுத்தார் என்று கொள்ளவேண்டியதில்லை. உயர்ந்த பீடம், திறந்த முற்றம், நீர், தாழ்ந்த கூரை, ஊடே ஓடும் காற்று என்னும் ஐந்தும் இருவரும் ஒரே வெயிலுக்கும் மழைக்கும் கூறிய விடைகள். விடை ஒத்திருப்பதற்கு வினா ஒன்றாயிருப்பதே போதும்.

இக்கருத்துக்குத் தமிழ்க் கடற்கரையிலேயே இன்னும் பழைய சான்று உண்டு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் தங்குவதற்காக 1930-களின் இறுதியில் தொடங்கி 1940-களில் நிறைவுற்ற ‘கோல்கொண்டா’ இல்லம், செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பு. ஜார்ஜ் நகஷிமா களத்திலிருந்து பணியைத் தொடங்கி வைத்தார். முழுவதும் கற்காரை. மருந்துக்கும் ஒரு பழைய தூண் இல்லை. ஆயினும் முகப்பு முழுவதும் திறந்து மூடும் பலகைகளால் ஆகி, கட்டடமே ஒரு காலதராகி நிற்கிறது. பிரெஞ்சுப் பழமை சூழ்ந்த அத்தெருவில் அது அந்நியமாகத் தோன்றாமைக்கு அந்த அடக்கமே காரணம். பழமையோடு இயைவதற்குப் பழைய உருப்படிகள் தேவையில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காட்டல் அரிது.

தூண்களின் பயணம்

இவ்விடத்தில் பவாவைப் பற்றி மற்றொன்றையும் கூறியாக வேண்டும். கொழும்பில் 33ஆம் ஒழுங்கையில் அவர் தமக்கென அமைத்துக்கொண்ட இல்லம் அவருடைய படைப்புகளுள் பெரிதும் போற்றப்படுவது. 1958-இல் தொடங்கி, அடுத்தடுத்திருந்த நான்கு சிறு வீடுகளைப் பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக வாங்கி, ஒன்றாக இணைத்தது. அதன் சிறு நீர்முற்றத்தில் நிற்கும் மரத்தூண்கள் செட்டிநாட்டிலிருந்து சென்றவை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பிரிக்கப்பட்ட பழைய கட்டடங்களின் கதவுகளும் உறுப்புகளும் அவ்வில்லத்தில் ஆங்காங்கே இடம்பெற்றுள்ளன. அவற்றை அவர் பொருத்திய திறம் மறுத்தற்கரியது. ஆனால் ஒரு வீட்டில் அழகாக நிற்கும் தூண், வேறொரு வீட்டில் இல்லாமற்போன தூண். கொழும்பு நீர்முற்றத்தின் ஒளியைப் படத்தில் காண்போர்க்கு அத்தூண்கள் முன்பு தாங்கிய கூரை எதுவென்று தெரிவதில்லை.

பெந்தோட்டையில் பண்பைக் கற்றுக்கொண்ட அதே கலைஞர், தம் இல்லத்தில் உருப்படியைக் கொண்டுவந்தார். பின்வந்தோர் அவரிடம் கற்றதில் எளியது எதுவோ அதையே பெரிதும் கற்றனர். இன்று தென்னிந்தியாவின் கடற்கரையோர ஓய்வு விடுதிகள் பலவற்றில் செட்டிநாட்டுத் தூண் இரண்டு முகப்பில் நிற்கும். பின்னாலிருப்பது குளிர்சாதனம் பொருத்திய கண்ணாடிப் பெட்டி. காற்றுக்கு வழியில்லாத வீட்டின் வாயிலில் காற்றுக்காகவே பிறந்த வீட்டின் தூண் நிற்பது நகைப்புக்குரியது. அது விலைக்குரியதாகவும் இருப்பதால் நகைப்பார் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருட் கடைகளில் தூணும் போதிகையும் நிலைக்கதவும், அஞ்சறைப் பெட்டி முதல் எனாமல் தூக்குச்சட்டி வரையிலான கலங்களும் அடுக்கிக் கிடக்கின்றன. வறுமையால் விற்றவரையும் வயிற்றுக்காக வணிகம் செய்பவரையும் குறைகூறுவதில் பொருளில்லை. வாங்கிச் செல்பவர் அத்தூணைத் தாம் காத்ததாக எண்ணிக்கொள்வதே ஆராயத்தக்கது.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், கடலருகே, 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் மற்றொரு வழி பின்பற்றப்பட்டது. அங்கே செட்டிநாட்டு வணிகர் இல்லம் ஒன்று பிரித்தெடுத்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் வீடாகவே எழுப்பப்பட்டது. சுற்றியுள்ள பொதுக் கட்டடங்களை லாரி பேக்கர் செங்கல்லும் ஓடும் கொண்டு தாழ்வாக வகுத்தார். பழைய வீடுகளோடு போட்டியிடாமல் அவை ஒதுங்கி நிற்கின்றன. தூண் தனித்துச் செல்வதைவிட வீடு முழுதாகச் செல்வது மேல். எனினும் உறவினர் இல்லாத வளவு அது. திருமணமும் சாந்தியும் அங்கே நடவா.

விடுதியின் பிற்காலம்

பெந்தோட்டை விடுதியை இலக்கியமாக்கிப் பேசுவதிலும் ஓர் அளவு வேண்டும். அங்கே தங்கியவர் பெரும்பாலும் மேலைநாட்டுப் பயணியர். அம்பலத்தில் வழிப்போக்கர் எவரும் காசின்றித் தங்கலாம். அதன் பண்பை ஏற்ற விடுதியில் அவ்வூர் மீனவர் நுழைவதும் எளிதன்று. கைவினைஞர்க்கு அது வேலை தந்தது உண்மை. கடற்கரையை அது பங்கிட்டுக்கொண்டதும் உண்மை.

பின்வந்த பத்தாண்டுகளில் விடுதி பலவாறு மாற்றப்பட்டது. 2003-இல் பவா மறைந்தார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கிற்று. உப்புக்காற்றும் காலமும் கட்டடத்தை அரித்த நிலையில், 2010-களின் இறுதியில், பவாவிடம் பணியாற்றிய சன்ன தஸ்வத்தவின் பொறுப்பில் அது பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்டது. பாத்திக் விதானமும் மீண்டும் செய்யப்பட்டது. இன்று அங்கே நிற்பது 1969-ஆம் ஆண்டுக் கட்டடமா, அன்றா என்று கட்டடக்கலையார் வாதிடலாம். ஏடு செல்லரித்தபோது படியெடுத்துப் படியெடுத்தே சங்கநூல்களைப் பெற்ற தமிழர்க்கு அவ்வாதம் புதிதன்று. படியெடுத்தவர் மூலத்தை அறிந்தவரா என்பதே அவர்கள் கேட்ட வினா.

கொழும்பில் பவா 1960–1962-இல் எனா டி சில்வாவுக்குக் கட்டித் தந்த முற்ற வீடும் இதே வினாவை எதிர்கொண்டது. நகரம் நெருக்கியது, நிலம் ஒரு மருத்துவமனையின் கைக்குச் சென்றது. 2009-இல் தொடங்கி அவ்வீடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, 2016-அளவில் லுணுகங்கத் தோட்டத்தருகே மீண்டும் எழுந்தது. ஒரு வீட்டுக்கு ஏழாண்டு உழைப்பு. அறக்கட்டளையும், வரைபடமும், கட்டியவர் காலத்தை அறிந்த மனிதரும் இருந்ததால் அது முடிந்தது.

செட்டிநாட்டிலோ காக்கவேண்டியவை ஆயிரக்கணக்கான வீடுகள். யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் இடம்பெற்றன. மூன்று தொகுதிகளில் 11 ஊர்கள் அதில் அடக்கம். தெருக்களின் நேர்வகுப்பு, ஊருணிகள், மழைநீர் செல்லும் வாய்க்கால் ஆகியவற்றையும் வீடுகளோடு சேர்த்தே மரபுரிமையாக அம்முன்மொழிவு கருதுவது நன்று. கானாடுகாத்தானிலும் பிற ஊர்களிலும் சில வீடுகள் விடுதிகளாக மாறியதால் பிழைத்துள்ளன. காரைக்குடியில் 1999-இல் விருந்தினர்க்குத் திறக்கப்பட்ட பங்களா அவ்வகையில் முன்னோடி. பழைய வீட்டின் பக்கத்தில் இவ்விடுதிகள் புதிய அறைகளைச் சேர்க்க நேரும்போதுதான் பெந்தோட்டையின் படிப்பு இங்கே பயன்படும். சேர்ப்பவை தூண் வைத்த போலி வளவுகளாக இருக்கலாம். அல்லது மேற்கு வெயிலுக்கு முதுகு காட்டி, பழைய கூரையின் உயரத்தைத் தாண்டாது, காற்றுக்கு வழிவிட்டு நிற்கும் புதிய கட்டடங்களாக இருக்கலாம். பின்னதற்குச் செலவு மிகுதி என்பது உண்மையன்று, யோசனை மிகுதி.

ஆனால் விடுதியாகக்கூடிய வீடுகள் சிலவே. மற்றவை பங்காளிகளின் பொதுச்சொத்து. கட்டிய முன்னோரின் ஆண்வழி வந்தோர் அனைவர்க்கும் அதில் உரிமையுண்டு. வளவைச் சுற்றிய அறைகளுள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழ்வோர், திருமணத்திற்கும் படைப்புக்கும் வந்து கதவு திறந்து, இரண்டொரு நாளில் பூட்டிச் செல்கின்றனர். வீட்டைப் பிரித்து விற்க அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் பல வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஒழுகும் ஓட்டை மாற்றவும் அதே கையெழுத்துகள் வேண்டும் என்பதால் அவற்றுட் சில, மழைக்காலந்தோறும் ஒவ்வொரு கட்டாக விழுகின்றன. முதலில் விழுவது பெரும்பாலும் அடுக்களைக்கட்டு.